கனகம் சொல்லாத வரி

உங்கள் எபிசோட் கையேட்டின் வரைவைப் படித்தேன். உழைத்திருக்கிறீர்கள். பழைய தொலைக்காட்சித் தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் எபிசோட் எண், தலைப்பு, ஒளிபரப்பான நாள், கதைச்சுருக்கம், நடித்தவர்கள், கடைசியில் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பதிலை எழுதியிருக்கிறீர்கள்: நிகழ்ச்சிப் பத்திரிகை. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நிகழ்ச்சிப் பத்திரிகை ஒளிபரப்புக்கு முன்பே அச்சாகிவிடும். என்ன ஒளிபரப்பாகும் என்று நிலையம் எண்ணியிருந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம். என்ன ஒளிபரப்பானது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. உங்கள் வரைவில் ஒரு தொடரின் மூத்த மருமகள் பாதிக் கதையில் இறந்துபோகிறாள். நான் அந்தத் தொடரில் வேலை பார்த்தவன். அவள் சாகவில்லை. சாவதாகத்தான் எழுதினோம், சுருக்கத்தையும் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டோம். அதற்குள் விஷயம் வெளியே கசிந்து, நேயர்கள் எழுதிக் குவித்த கடிதங்களைப் பார்த்து மேலிடம் மனம் மாறியது. கடைசி எபிசோட் வரை அவள் அந்த வீட்டில் காப்பி போட்டுக்கொண்டுதான் இருந்தாள். உங்கள் கையேட்டில் மட்டும் அவளுக்குக் காரியம் முடிந்துவிட்டது.

இது சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளக்கூடிய பிழை. ஆனால் ஒரு எபிசோடில் என்ன பேசப்பட்டது என்பதைப் பொறுத்து ஒருவருடைய பிழைப்பே இருந்த சமயமும் உண்டு. அது தொலைக்காட்சிக்கு முந்திய காலம், எழுபதுகளின் தொடக்கம். இடம் போர்ட் பிளேர்.

தீவில் மெயின்லேண்ட் என்று சொல்லும் இந்தியப் பெருநிலத்தில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் செய்தி சேகரித்துவிட்டு, அந்தமான் வானொலிக்கு எழுத்தாளனாகப் போயிருந்தேன். வாரத்துக்கு ஒரு தமிழ் நாடகத் தொடர் எழுதினேன். 'ஏழாம் நம்பர் குவார்ட்டர்ஸ்' என்று பெயர். ஒரு அரசாங்கக் குடியிருப்பில் அடுத்தடுத்து வசிக்கும் இரண்டு குடும்பங்களின் கதை. வெள்ளிக்கிழமை மாலை ஒலிபரப்பு. அதில் கனகம் என்ற பாத்திரத்துக்கு வாய் நீளம். பயப்படாமல் எதையும் கேட்பாள். தீவில் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் அவளைத் தெரியும். சந்தையில் யாராவது உரக்கப் பேரம் பேசினால், "இவ ஒரு கனகம்" என்பார்கள்.

கனகத்துக்குக் குரல் கொடுத்தவர் பிலோமினா. தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா இறந்தபின் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் அவர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். துறையிடம் அனுமதி வாங்கித்தான் வானொலியில் நடித்தார்.

நான் மெயின்லேண்டுக்கு விடுப்பில் போகுமுன் சில எபிசோடுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அவற்றில் ஒன்று 'கிணறு'. குடியிருப்புக் கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, யாரிடம் முறையிடுவது என்பதுதான் கதை. நான் திரும்பி வந்த சில நாட்களில் ஒரு புகார் வந்தது.

புகார் கொடுத்தவர் போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட் என்ற குடியிருப்புப் பகுதியில் பெரிய வீடு வைத்திருந்த ஒரு கான்ட்ராக்டர். புரோத்ராபூரில் அவர் கட்டிய பொதுக்கிணறு ஒன்றின் சுவர் அந்த ஆண்டு மழையில் விரிசல் விட்டிருந்தது. 'கிணறு' எபிசோடில் கனகம், "கடல் மணலைக் கலந்து ஊர்க் கெணத்தக் கட்டுன குட்வில் எஸ்டேட் பெரிய வீட்டுக்காரன், தன் வீட்டுக் கெணத்த மட்டும் ஆத்து மணல்ல கட்டிக்கிட்டான்" என்று பேசினாள் என்பது புகார். அது வசனப் பிரதியில் இல்லாத வரி, புரோத்ராபூர் ஆசிரியை தாமாகவே சேர்த்துப் பேசியது என்றும் எழுதியிருந்தார். அக்கம்பக்கத்தார் பலர், தங்கள் காதால் கேட்டதாகக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

கல்வித் துறை நிலையத்தைக் கேட்டது: ஒலிபரப்பானது என்ன, எழுத்தில் தெரிவிக்கவும். பதில் பாதகமாகப் போனால் பிலோமினாவின் வேலை நிரந்தரமாகாது. அடுத்த கப்பலில் அம்மாவோடு மெயின்லேண்ட் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் நிலைய அதிகாரி வங்காளி. நிதானமானவர், அதிகம் பேசமாட்டார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என்னை அழைத்து, பதில் தயாரிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டுவிடலாமே?

நாடா இல்லை. புதுச் சுருள்கள் கப்பலில் வர வேண்டும், எப்போதும் தட்டுப்பாடு. ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து அடுத்த வாரம் அதிலேயே பதிவு செய்வோம். வசனப் பிரதி இருந்தது. அதில் மணல் இல்லை. ஆனால் மணல் பேசப்படவில்லை என்பதற்கு அது சான்றாகாது. ஸ்டூடியோவில் ஒரு சொல்லைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம், அலுவலகப் பிரதியில் யாரும் அதைத் திருத்தி வைப்பதில்லை. பிலோமினாவோடு அந்த எபிசோடில் பேசிய ஒரே நடிகர், நான் வந்த அதே கப்பல் திரும்பியபோது அதில் ஊருக்குப் போய்விட்டார். பதிவு செய்த பொறியாளருக்குத் தமிழ் தெரியாது.

"நானும் அங்கே இருந்தேன்" என்றார் அதிகாரி, இந்தியில். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அந்த நடிகர் சிரித்தார், நானும் சிரித்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே நான் சாட்சி இல்லை."

கையெழுத்துகளைக் காட்டி, இத்தனை பேர் சொல்கிறார்களே என்றேன். அவர் கேட்டது இரண்டே சொல்: "கிஸ்னே சுனா?" யார் காதில் விழுந்தது? யார் சொன்னது என்று அவர் விசாரிக்கவில்லை. செய்தித்தாளில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வானொலிக்கு வந்ததும் மறந்திருந்தேன்.

பிலோமினாவிடம் முதலில் போகவில்லை. அவர் ஒரு பதில் சொன்னால், மற்றவர்களிடம் அந்தப் பதிலையே தேடிக்கொண்டிருப்பேன். குட்வில் எஸ்டேட்டுக்குப் போனேன். கையெழுத்திட்டவர்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். எல்லோரும் அந்த வரியைச் சொன்னார்கள். சொல் மாறாமல், வரிசை மாறாமல், 'பெரிய வீட்டுக்காரன்' வரும் இடத்தில் ஒரே மாதிரி நிறுத்தி. இது என்னை உறுத்தியது. பஸ் கவிழ்ந்த இடத்தில் நேரில் பார்த்தவர்களை விசாரித்திருக்கிறேன். பஸ்ஸின் நிறம்கூட ஒத்துப்போகாது. பலர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால், அது ஒரே வாயிலிருந்து புறப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாகத் தங்கவேலுவின் வீடு. அரசாங்கக் கிடங்கில் எழுத்தர், எனக்குப் பழக்கமானவர். வாசலிலேயே உட்கார வைத்தார்.

புகாரில் குறித்திருந்த வெள்ளிக்கிழமை நாடகமே ஒலிபரப்பாகவில்லை என்று சொன்னேன். அன்று மாலை முழுவதும் புயல் எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. நாடகம் ஒரு வாரம் தள்ளிப் போனது. அவர்கள் நிகழ்ச்சிப் பத்திரிகையைப் பார்த்து நாளைக் குறித்திருக்கிறார்கள். அந்தப் பத்திரிகை மெயின்லேண்டில் அச்சாகிக் கப்பலில் வருவது. எங்கள் புயல் அதற்கு எப்படித் தெரியும்?

தங்கவேலு அசரவில்லை. "தாரீக்ல என்ன சார் இருக்கு? அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை. நான் என் காதால கேட்டேன். பூரா மொஹல்லாவும், தெருவே கேட்டுச்சு."

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கப்பல் வந்தது என்றேன்.

"ஆமா, வந்துச்சு."

தீவுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம், உங்களுக்கு வேண்டும். கப்பல் வரும் மாலையில் போர்ட் பிளேரில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். ஆள் வருகிறதோ இல்லையோ, எல்லோரும் கப்பல் வந்து அணையும் ஜெட்டிக்குப் போவார்கள். கடிதம் வரும், முருங்கைக்காய் வரும், சொந்த ஊர்ப் பேச்சு வரும். நானும் அந்தக் கப்பலில்தான் வந்தேன். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்த கை தங்கவேலுவின் கை. அதை நினைவுபடுத்தினேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அன்னிக்கு வீட்டுல ரேடியோவே போடலியே. நானுந்தான ஜெட்டிக்கு வந்தேன், எங்கம்மாவ கூட்டியார."

"நீ சும்மா இரு" என்றார் தங்கவேலு. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் சொன்னாங்க சார். கனகம்னா அப்படித்தான பேசுவா? அதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

கடைசியாகச் சொன்னதில் பொய் இல்லை. கனகம் அப்படித்தான் பேசுவாள். கிணற்றில் விரிசல் விட்ட நாள் முதல் புரோத்ராபூரில் மணல் பேச்சு இருந்தது. வாய்விட்டுச் சொல்லத் தயங்கியவர்கள் அதைக் கனகத்தின் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அது சுற்றி வந்து கான்ட்ராக்டரின் காதில் விழும்போது வானொலியில் வந்த வரியாகிவிட்டது. பழைய தொடர்களில் மிகப் புகழ்பெற்ற வசனங்களைத் தேடும்போது இதை மனதில் வையுங்கள். எல்லோருக்கும் மனப்பாடமான வரி எந்த எபிசோடிலும் இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் என் வேலை பாதிதான் முடிந்திருந்தது. அவர்கள் கேட்டதாகச் சொன்னது நிற்காது என்பது நிரூபணமானது. பிலோமினா சொல்லவில்லை என்பது நிரூபணமாகவில்லை. நிஜமாகக் கேட்டவர்கள் வேண்டும். கப்பல் மாலையில் வீட்டில் இருந்த தமிழர்கள் யார்? ஊருக்கு வெகுதூரத்தில் இருந்த கடலோரக் கிராமமான வண்டூர் நினைவுக்கு வந்தது. கப்பல் நாளில் அந்தப் பக்கத்து பஸ்ஸையும் ஜெட்டிக்குத் திருப்பிவிடுவார்கள். வண்டூர்க்காரர்கள் வர நினைத்தாலும் வர முடியாது.

அங்கே ஒரு டீக்கடையில் ரேடியோ இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மீன்பிடிக் குடும்பங்கள் அங்கே கூடும். பிலோமினாவுக்கு உறவு யாரும் அங்கே இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். கடைக்காரரும், அந்தோணி என்ற படகுக்காரரும், சவேரியாள் என்ற மீன் விற்கும் பெண்ணும் கிடைத்தார்கள். மணல் என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. புகார் பற்றியும் மூச்சுவிடவில்லை. கப்பல் வந்த அன்றைக்கு நாடகத்தில் கனகம் என்ன பேசினாள் என்று மட்டும் கேட்டேன்.

"கெணத்துத் தண்ணிக் கததான?" என்றார் அந்தோணி. "கெணறு கட்டுனவன் வீட்டுக்கு ஒரு கொடம் குடுத்து விடுங்கன்னால்லா? அவன் குடிச்சாத்தான் நாங்க குடிப்போம்னு."

"கொடம் எங்க சொன்னா? செம்புன்னுல்லா சொன்னா" என்றார் சவேரியாள். "காப்பி போட்டுக் குடுங்கன்னு சொன்னா. ஒமக்குக் காது பாதி கடல்லயே போச்சு."

"கட்டுனவன் இல்ல" என்றார் கடைக்காரர் கிளாசைக் கழுவியபடி. "ஆபீசரு குடிக்கட்டும்னா. நான் பக்கத்துலயே நின்னேன்."

மூவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் தடுக்கவில்லை. குடமா செம்பா என்பதில் ஒத்துப்போகவில்லை, யார் குடிப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை. கிணற்றோடு சம்பந்தப்பட்ட ஒருவருக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னாள் என்பதில் மட்டும் மூவரும் ஒன்று. மணல் எவர் வாயிலும் வரவில்லை. குட்வில் எஸ்டேட்டும் வரவில்லை. இவர்கள் நிஜமாகவே காதால் கேட்டவர்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். அந்தத் தண்ணீர் குடிக்கும் வரி நான் எழுதியதல்ல. நான் எழுதிய எபிசோடில் நான் எழுதிய ஒரு வரிகூட யாருக்கும் நினைவில் இல்லை.

ஆக, பிலோமினா ஒரு வரியைச் சேர்த்துப் பேசியிருக்கிறார். புகாரில் உள்ள வரி அல்ல, வேறொன்று. இப்போது அவரிடம் போனேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். மணலைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்றார். வேறு எதையாவது சேர்த்தீர்களா என்று கேட்டேன்.

கரும்பலகையைத் துடைத்து முடித்தார். "சேத்தேன் சார். 'கெணறு கட்டுனவரு வீட்டுக்கு ஒரு கொடம் அனுப்புங்க. அவரு குடிச்சிட்டு நல்லாருக்குன்னா நாமளும் குடிப்போம்.' உங்க வசனத்துல, ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுப்போம்னு இருந்துச்சு. கனகம் எழுதிக் குடுக்குற பொம்பளையா சார்?"

அவர் சொன்னது சரி. ஆனால் அனுமதி வாங்கி நடிக்கும் அரசு ஊழியர், பிரதியில் இல்லாததைப் பேசக்கூடாது என்பது விதி. அந்த வரியைத் துறை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கிணறு கட்டியவர் என்றாலே கான்ட்ராக்டர்தானே என்று கேட்கலாம். ஒரு வழி இருந்தது. துறையின் கடிதம் மணல் வரியைக் குறிப்பிட்டுத்தான் கேட்டிருந்தது. அப்படி ஒரு வரி ஒலிபரப்பாகவில்லை என்று மட்டும் பதில் எழுதலாம். பொய் இல்லை. அதையும், வண்டூரில் மூவர் சொன்னதையும் அவரிடம் சொன்னேன்.

"மணல் சொல்லலன்னு எழுதுங்க. கொடம் சொன்னேன்னும் எழுதுங்க" என்றார்.

உங்கள் வேலை போகலாம் என்றேன்.

"வண்டூர்ல மூணு பேருக்குத் தெரியும். அப்ப முந்நூறு பேருக்குத் தெரியும். பாதிய மறைச்சா மீதிய எவன் சார் நம்புவான்? நான் கணக்குல ஒரு வரிய முழுங்குன பிள்ளைக்கு மார்க் போட மாட்டேன்."

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருப்பதாகவும், ஏன் என்று அம்மா கேட்டதற்குக் கரையான் என்று சொன்னதாகவும் சொன்னார். குரல் மாறவில்லை.

பதிலை ஆங்கிலத்தில், இரண்டு பகுதியாக எழுதினேன். ஒலிபரப்பாகாதது, ஒலிபரப்பானது. ஒவ்வொன்றுக்கும் கீழே யார் கேட்டது, எங்கே இருந்து கேட்டது, அவர்கள் எதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதினேன். அதிகாரி ஒவ்வொரு வாக்கியத்திலும் விரலை வைத்து அதே கேள்வியைக் கேட்டார். கிஸ்னே சுனா? பதில் சொல்ல முடியாத இரண்டு வாக்கியங்களை அடித்தார். கான்ட்ராக்டர் கடல் மணல் கலந்ததாகப் பேச்சு இருக்கிறது என்று நான் எழுதியிருந்த வாக்கியம் அதில் ஒன்று. அவர் கலந்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. சுவரில் விரிசலைப் பார்த்தேன். எழுதக்கூடியது அவ்வளவுதான்.

பிறகு அவர் பேனாவை எடுத்து அடியில் தம் கையாலேயே எழுதினார். சேர்க்கப்பட்ட அந்த வரி தம் முன்னிலையில் பேசப்பட்டது, தாம் நிறுத்தவில்லை, ஆகவே அது ஆசிரியையின் வரி அல்ல, நிலையத்தின் வரி, பொறுப்பு தம்முடையது.

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே" என்றேன்.

"தமிழ் தெரியாது. பதிவை நிறுத்த அந்தச் சிவப்பு விளக்கை அணைக்கத் தெரியும். அணைக்கவில்லை" என்றார். கையெழுத்திட்டு மையை ஒற்றி எடுத்தார். சாட்சியாக இருக்க மறுத்தவர் பொறுப்பாளியாக இருக்க ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இரண்டும் வேறு என்பதை அன்று பார்த்தேன்.

கல்வித் துறை விசாரணையை முடித்துக்கொண்டது. பிலோமினாவின் வேலை அந்த ஆண்டே நிரந்தரமானது. மெயின்லேண்டிலிருந்து அதிகாரிக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. படித்தார், மேசை இழுப்பறையில் போட்டார், டீ சொல்லி அனுப்பினார். தங்கவேலு என்னோடு வழக்கம்போலப் பழகினார். ஆனால் மணல் வரி சாகவில்லை. பல ஆண்டுகள் கழித்து, நான் யார் என்று தெரியாத ஒருவர் கப்பலில் அதை எனக்கே சொல்லிக் காட்டினார். தம் காதால் கேட்டதாகச் சொன்னார்.

அந்த விசாரணைக்குப் பிறகு நடந்த முதல் பதிவு நினைவிருக்கிறது. பிலோமினா வந்தார், ஒலிவாங்கி முன் நின்றார், வசனத்தைப் பார்த்தார். பாதியில் கையை உயர்த்தினார். பொறியாளர் நிறுத்தினார்.

"இந்த எடத்துல கனகம் இப்படிப் பேசமாட்டா" என்றார் என்னிடம்.

எப்படிப் பேசுவாள் என்று கேட்டேன்.

"சொல்றேன். முதல்ல ஆபீஸ் காப்பிய எடுத்தாங்க. எழுதிட்டுத்தான் பேசுவேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி என்ன விஷயம் என்று சைகையில் கேட்டார். அலுவலகப் பிரதியை எடுத்து வரச் சொன்னேன். பிலோமினா கைப்பையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தார். என் வரியை ஒரே கோட்டில் அடித்து, மேலே தம் வரியை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் உள்ளே வந்து அதன் கீழே கையெழுத்திட்டார். பிறகுதான் விளக்கு எரிந்தது.

தொடர் முடியும்வரை இப்படியே நடந்தது. ஆகவே உங்கள் கையேட்டில் வானொலித் தொடர்களுக்கும் இடம் வந்து 'ஏழாம் நம்பர் குவார்ட்டர்ஸ்' சேர்க்கப்பட்டால், 'கிணறு' எபிசோடுக்கு நேரே இப்படி எழுதுங்கள்: நாடா இல்லை, பிரதி முழுமையில்லை, வண்டூரில் மூவர் கேட்டது. அதற்குப் பிந்திய எபிசோடுகளுக்கு அலுவலகப் பிரதியைத் தயங்காமல் ஆதாரமாகக் காட்டலாம். அதில் என் வரிகள் கறுப்பு மையில் இருக்கும். காற்றலையில் போனவை சிவப்பு மையில் இருக்கும்.